குலவை ஓயும்வரை

வைகாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் முத்துமீனா எறிந்த பந்து ஆவணிக் கடைசியில்தான் கீழே வந்தது. அதற்குள் மதுரையில் கத்தரிக்காய் விலை இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டது. சிம்மக்கல்லில் டவுன் பஸ் போகும் வழியை மாற்றி, சரிப்படாமல் பழையபடியே விட்டுவிட்டார்கள். பந்து மட்டும் பழங்காநத்தம் உள்ளரங்கத்தில், வளையத்துக்குச் சற்று முன்னால், வளையத்தைவிட ஒரு முழம் உயரத்தில், நின்ற இடத்திலேயே மெல்லப் பின்னோக்கிச் சுழன்றுகொண்டிருந்தது.

அது சாதாரண ஆட்டம் என்றால் யாராவது வேறு பந்தைக் கொடுத்து ஆடச் சொல்லியிருப்பார்கள். அது பெண்கள் கூடைப்பந்து லீக்கின் இறுதிப்போட்டி. அந்த லீக்கில் எட்டு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் இரண்டு முறை மோதி முடித்ததும், மேலே வந்த நான்கு அணிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நான்கில் முதலாவது அணி நான்காவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும் ஆட வேண்டும். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றால் இறுதிக்குப் போகலாம், இறுதியிலும் அதே கணக்குதான். நன்றாக ஆடிய அணிக்குப் பலவீனமான எதிரி பரிசாகக் கிடைக்கிறது என்பது இந்த ஏற்பாட்டின் நியாயம். அதுவரை பெற்ற வெற்றிகள் எல்லாம் அந்த நிமிடத்தோடு செல்லாமல் போகின்றன என்பது அதன் கொடுமை. நான்காவதாகத் தொற்றிக்கொண்டு வந்த மதுரை அணி அந்தக் கொடுமையால்தான் பிழைத்தது. முதலிடத்து அணியை வீழ்த்திவிட்டு இறுதியில் கோவையைச் சந்தித்தது. ஆளுக்கொரு ஆட்டம் வென்றாயிற்று. மூன்றாவது ஆட்டத்தை எந்த ஊரில் நடத்துவது என்று சீட்டுக் குலுக்கியதில் மதுரையின் பெயர் வந்தது. அணியை நடத்திய கம்பெனி ஏற்கனவே சொல்லிவிட்டது: கோப்பை வந்தால் அணி இங்கே இருக்கும், வராவிட்டால் விசாகப்பட்டினத்துக்காரர்களுக்கு விற்றுவிடுவோம், அவர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுவருவார்கள். திருவாதவூர் முத்துமீனாவுக்கு அதன் பொருள் தெளிவாகத் தெரியும். லீக்குக்கு வருமுன் அவள் ஒரு ஜவுளிக்கடையில் காலையிலிருந்து சேலை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றவள். தோற்றால் மறுபடி அந்தக் கடைதான்.

மதுரை ஒரு புள்ளி பின்னால் இருந்தது. கடைசி நொடியில் பந்து முத்துமீனாவின் கைக்கு வந்தது. எதிரே கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றவள் கோவை அணியின் ருமானா. அவளும் மதுரைக்காரிதான். சிம்மக்கல் பாத்திரக்கடை ஜமீல் ராவுத்தரின் மகள். மதுரை அணி அவளை எடுக்காததால் கோவைக்குப் போனவள். முத்துமீனா அவளைச் சுற்றி ஓடி, ஓடும் வேகத்திலேயே எறிந்தாள். அதனால் பந்து உயரமாக வளையாமல் தட்டையாகப் போனது. பந்து கையை விட்ட பிறகு கடிகாரம் சுழியத்தைக் காட்டியது, மணி அடித்தது. கையை விட்ட பிறகு மணி அடித்தால் அந்த எறி செல்லும். விழுந்தால் மதுரைக்கு இரண்டு புள்ளி, விழாவிட்டால் கோவைக்குக் கோப்பை. பந்து போன பாதையின் உச்சியில் நின்றது.

நடுவர் பீமாராவ் விதிப்புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிலைமையை எல்லோருக்கும் விளக்கினார். பந்து காற்றில் இருக்கும்வரை அது உயிரோடிருக்கும் பந்து. பந்து உயிரோடிருக்கும்போது ஆள் மாற்ற முடியாது, ஓய்வு கேட்க முடியாது. களத்தில் இருக்கும் இரு அணியின் பத்துப் பேரும் கோட்டைத் தாண்டிப் போய்க் குளித்து, சாப்பிட்டு வரலாம், ஆனால் அவர்கள் இடத்தில் இன்னொருத்தி இறங்கக் கூடாது. மதுரைக்காரி யாரும் பந்தைத் தட்டி உள்ளே தள்ளவும் கூடாது, அது புது எறியாகிவிடும், புது எறிக்கு நேரம் இல்லை. கோவைப் பயிற்சியாளர் அவரை ஓரமாக அழைத்தார்.

"ஏனுங்க சார், பந்து ஏறுதுங்களா, எறங்குதுங்களா? ஒண்ணச் சொல்லுங்க."

"ரெண்டும் இல்ல. நிக்குது."

"நின்னாத் தொடலாங்களா?"

பீமாராவ் மனதுக்குள் விதிப்புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டினார். "எறங்குற பந்தத்தான் தடுக்கக் கூடாதுன்னு இருக்கு. நிக்கிற பந்தப் பத்தி ஒண்ணுமில்ல. எட்டுச்சுன்னாத் தட்டி விட்டுக்கங்க."

கோவை அணியின் நெட்டையான ஆட்டக்காரி தமிழ்ச்செல்வி அன்றே குதிக்கத் தொடங்கினாள். முதல் நாள் வளையத்தைத் தொட்டாள். பந்து இன்னும் ஒரு முழம் மேலே இருந்தது.

பந்து ஏன் நின்றது என்பதைப் புரிந்துகொள்ளக் குலவை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நாக்கின் நுனியை உதடுகளுக்கு நடுவே வேகமாக அசைத்து எழுப்புகிற ஒலி அது. ஒரு மூச்சுக்கு மேல் ஒருத்தியால் தாங்க முடியாது. அதனால் ஒருத்திக்கு மூச்சு முடியுமுன் அடுத்தவள் பிடித்துக்கொள்ள வேண்டும், கேட்பவருக்கு இடைவெளியே தெரியக் கூடாது. முத்துமீனாவின் ஊரில் சாமியைத் தோளில் தூக்கியதும் குலவை தொடங்கும். திரும்பப் பீடத்தில் இறக்கி வைக்கும்வரை அறுந்துவிடக் கூடாது. அவளுடைய அம்மா மலையம்மாள் ஊர்ப் பெண்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லா ஆட்டத்துக்கும் வருவாள். மகள் கையை விட்டுப் பந்து கிளம்பியதும் தொடங்கி, பந்து கீழே வந்ததும் நிறுத்துவாள். ஒரு பந்து கண்ணிமைக்கும் நேரம்தான் காற்றில் இருக்கும் என்பதால் இதுவரை ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பந்து, பெண்கள் நிறுத்தட்டும் என்று காத்திருந்தது. பெண்கள், பந்து இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மரியாதை தெரிந்தவர்கள்.

இதைக் கண்டுபிடித்தவள் முத்துமீனா மட்டும்தான். முதல் வாரத்திலேயே ஒரு பெண்ணுக்குப் புரையேறி, குலவை ஒரு நூலிழை நேரம் அறுந்தது. பந்து ஒரு முறை நடுங்கியது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த அவள் மட்டும் அதைக் கண்டாள். எழுந்து போய் நிறுத்தச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எறிகிறவளுக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். பந்தைக் கடைசியாக விட்டுப் பிரிவது ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அந்த விரல்களில் பந்து விட்டுப்போகிற அழுத்தம் சரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு திரும்பி நடக்கலாம். அன்று அழுத்தம் குறைவாக இருந்தது. எறி குட்டை. வளையத்தின் முன்விளிம்பில் அடித்துத் தெறித்து வெளியே விழும். நிறுத்தினால் தோல்வி, நிறுத்தாவிட்டால் என்றாவது தமிழ்ச்செல்வியின் கை எட்டிவிடும், அதுவும் தோல்வி. நாளைத் தள்ளிப்போட முடிந்தவரை தள்ளிப்போடலாம் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனி வந்தது, ஆடி வந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு காமிராவை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். பத்துப் பேரும் ஆடுகளத்திலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். பந்து எந்த நேரமும் விழலாம் என்பதால் ருமானா பகலெல்லாம் முத்துமீனாவின் எதிரிலேயே கைகளைத் தூக்கியபடி நின்றாள்.

"ஏ மீனா, ஒம் பந்து சோறு திங்கப் போயிருச்சாடி?"

"மொத நீ கைய எறக்கு. தோள்பட்டை கழண்டு விழுந்துறப் போவுது."

"நீ கண்ண எறக்கு, நான் கைய எறக்குறேன். என்னத்தடி அப்படி மொறச்சுப் பாக்குற? விழாதுன்னு ஒனக்கே தெரிஞ்ச மாதிரில்ல பாக்குற."

முத்துமீனா குனிந்து பாயைச் சுருட்டினாள். அன்றிலிருந்து ருமானாவும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

தமிழ்ச்செல்வி தினமும் குதித்தாள். குதிப்பதும் மற்ற வேலைகளைப் போலத்தான், செய்யச் செய்ய வரும். கெண்டைக்கால் இறுகியது, கையை வீசும் நேரமும் தரையை உதைக்கும் நேரமும் ஒன்றாகச் சேர்ந்தன. ஆடிப் பெருக்கின்போது முழம் சாணாகியிருந்தது, ஆவணியில் சாண் நான்கு விரலாகியது. அவள் ஓடிவரும் சத்தம் கேட்டால் முத்துமீனா பாயை விட்டு எழுந்து நிற்பாள். கேலரியில் திருவாதவூர்ப் பெண்களின் உதடுகள் வெடித்துவிட்டன. முறை வைத்து ஆளை மாற்றியும் போதவில்லை. பாத்திரக்கடைக்காரர் மனைவி சாயிரா பானு, மகள் ருமானாவுக்குச் சோறு கொண்டுவந்தவள், இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து மலையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாண வீட்டில் போடுகிற குலவையைத் தொடங்கிவிட்டாள். ருமானா ஆடுகளத்திலிருந்தே கத்தினாள்.

"அம்மா! ஒம் மக எந்த டீமுன்னு தெரியுமா தெரியாதா?"

சாயிரா பானு தன் மூச்சை முடித்து அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுப் பதில் சொன்னாள். "தெரியும்டி. ஊரு எந்த ஊருன்னும் தெரியும். நீ அந்த முட்டையத் தின்னியா இல்லையா?"

ஆவணிக் கடைசியில் இரண்டு காரியங்கள் ஒரே நாளில் நடந்தன. பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், மேலூர்ப் பக்கம் வயல்கள் நனையத் தொடங்கின. தண்ணீர் வந்தால் திருவாதவூரில் நடவுக்கு ஒரு பெண் மிஞ்ச மாட்டாள். அன்று காலை தமிழ்ச்செல்வி குதித்தபோது அவளுடைய நகம் பந்தில் உரசியது. மூன்று மாதமாகப் படிந்திருந்த தூசி ஒரு கோடாக உதிர்ந்து அவள் முகத்தில் விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு முறை ஓடிவந்தால் முடிந்தது. முத்துமீனா கேலரிக்கு நடந்தாள். மலையம்மாள் மூச்சைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள்.

"அம்மா, எல்லாரையும் நிப்பாட்டச் சொல்லும்மா."

"என்ன புள்ள பேசுற? தோள்ல சாமி இருக்கும்போது நிப்பாட்டுவாகளா?"

"அது சாமி இல்ல, பந்து. நீங்க நிப்பாட்டுனாத்தான் எறங்கும். எனக்கு மொத வாரமே தெரியும்."

மலையம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். "பெறகு ஏன் வாயத் தொறக்கல?"

"குட்டைம்மா. கையவிட்டுப் போகும்போதே தெரிஞ்சுபோச்சு. உள்ள போகாது."

"இத வைகாசியிலயே சொல்லியிருந்தா நாத்தாவது நேரத்துக்குப் பாவியிருப்பேன்ல" என்றாள் மலையம்மாள். பிறகு முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அவ எட்டித் தட்டிட்டா?"

"அப்பயும் தோல்விதான். என் கையால போட்டது, அதுவா விழுந்து தோக்கட்டும்."

மலையம்மாள் கையை உயர்த்தினாள். பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். தமிழ்ச்செல்வி மறுகோடியில் ஓடத் தயாராகிவிட்டாள். ஆனால் ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. சாயிரா பானு கண்ணை மூடிக்கொண்டு தன் முறையைச் செய்துகொண்டிருந்தாள். தமிழ்ச்செல்வி ஓடத் தொடங்கினாள். பாதித் தூரம் வந்துவிட்டாள். அப்போது, குரல்கள் அடங்க அடங்கப் பந்து நடுங்குவதைப் பார்த்துவிட்ட ருமானா, கோவை அணியின் சீருடையில், தூக்கிய கைகளை வாயருகே குவித்துக்கொண்டு அலறினாள்: "அம்மா, போதும்மா!"

குலவை ஓய்ந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு பழங்காநத்தம் ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் கூப்பிடும் சத்தம் அரங்குக்குள் கேட்டது. பந்து நின்ற இடத்திலிருந்து, நின்றபோது இருந்த வேகத்தோடு, இறங்கத் தொடங்கியது. பீமாராவ் "எறங்குது!" என்று கத்தினார். தமிழ்ச்செல்வி காற்றில் எழும்பிய பிறகும் கையை மடக்கிக்கொண்டாள். இறங்குகிற பந்தைத் தொடக் கூடாது.

எறி குட்டைதான். முத்துமீனாவின் விரல்கள் சொன்ன இடத்தில், வளையத்தின் முன்விளிம்பில், பந்து அடித்தது. ஆனால் தெறிக்கவில்லை. காற்றடைத்த எந்தப் பந்தும் வால்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இழந்துகொண்டே இருக்கும், அதனால்தான் அணிகள் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் பந்தைப் பம்பால் அடித்துச் சரிபார்க்கின்றன. இந்தப் பந்து மூன்று மாதமாகப் பம்பைப் பார்க்கவில்லை. இறுகிய பந்து இரும்பில் பட்டால் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கும். தளர்ந்த பந்து அடியை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். இது விளிம்பின் மேல் தொப்பென்று உட்கார்ந்தது. பத்துப் பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பின்னோக்கிய சுழற்சி மட்டுமே மிச்சமிருந்தால் அது வெளியேதான் உருண்டிருக்கும். ஓடிக்கொண்டே எறிந்த வேகம் அதில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. பந்து ஒரு பக்கம் சாய்ந்தது, திரும்பி மறுபக்கம் சாய்ந்தது, பிறகு உள்பக்கமாகச் சரிந்து வலைக்குள் விழுந்தது. தரையில் விழுந்தும் அது துள்ளவில்லை.

பீமாராவ் இரண்டு புள்ளி என்று இரண்டு விரலை நீட்டி மணிக்கட்டை மடக்கினார். கோவைப் பயிற்சியாளர் ஓடிவந்து பந்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார், விரல் உள்ளே போனது. "ஆட்டம் தொடங்கும்போது நான்தான் தட்டிப் பாத்தேன், சரியா இருந்துச்சு" என்றார் பீமாராவ். "நடுவுல யாரும் பந்த மாத்தச் சொல்லிக் கேக்கல." கோவைக்காரர்கள் மூன்று மாதமும் உயரத்தைத்தான் கவனித்திருந்தார்கள். பயிற்சியாளர் பந்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார். திருவாதவூர்ப் பெண்கள் கோப்பை கொடுக்கும்வரை நிற்கவில்லை, நடவுக்கு நேரமாயிற்று என்று வண்டியேறிவிட்டார்கள்.

கைகுலுக்க வந்தபோது ருமானா மெதுவாகக் கேட்டாள். "குட்டையாத்தானடி போட்ட?"

"ஆமா."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் தன் அணியோடு பஸ்ஸுக்குப் போனாள்.

அணி மதுரையிலேயே தங்கியது. அடுத்த ஆண்டு லீக் தன் விதிகளில் ஒன்றைச் சேர்த்தது: காற்றில் நிற்கும் பந்தின் அழுத்தத்தை நடுவர் இயன்றபோது சோதிக்கலாம். எப்படிச் சோதிப்பது என்று எழுதவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் மதுரையில் கடைசி நான்கு அணிகளின் பிளே-ஆஃப் நடக்கும்போது சில எறிகள் ஓரிரு மூச்சு நேரம் மேலே தங்குவதுண்டு. நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார், ஆட்டக்காரிகள் வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார்கள், முறுக்கு விற்பவர் அந்த நேரத்தில் இரண்டு வரிசை கடந்துவிடுகிறார். முத்துமீனா பெரும்பாலும் குனிந்து ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பாள். கட்டி முடித்து நிமிரும்போது பந்து வந்திருக்கும்.