துப்பாக்கி முனையில் ஐந்து பைசா

என் வீட்டுக்காரர் தனசிங் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. தாம்பரம் மார்க்கெட்டுக்குள் அவர் நுழைந்தால் தராசுகள் தாமாக நேராகிவிடும். இப்பேர்ப்பட்ட மனிதர் துப்பாக்கி சுடும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார் என்பது கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, எழுபத்திரண்டாம் வருஷம் ஜூலை மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அதையும் அவராகவா சொன்னார்? அவர் ஸ்டேஷன் கான்ஸ்டபிள் ஜெயவேலு சொன்னார். ஜெயவேலுவுக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தால் போதும், ஸ்டேஷனில் நடந்ததெல்லாம் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடும்.

"ஐயா நல்லாத்தாம்மா குறி வெக்கிறாரு. டிரிக்கர இழுக்கசொல்ல மட்டும் கண்ண மூடிக்கினு கைய கீழ அமுக்கிடறாரு. குண்டு அட்டைல படாம மண்ணுல பூந்துடுது. ராகவன் சாரு பேஜாராயிட்டாரு."

ராகவன் சார் என்பது ஆயுதப்படை இன்ஸ்பெக்டர் ஸ்ரீநிவாசராகவன். புதிதாக வந்தவர். வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் சுடும் பரீட்சை அவர் பொறுப்பு. இவருக்கு முன்னால் இருந்தவர்கள் பாஸ் என்று எழுதினால் பாஸ். இவர் குறி அட்டையைக் கழற்றிக்கொண்டு வரச்சொல்லி ஓட்டை ஓட்டையாகப் பார்க்கிற ஆள். தேறாதவர்களுக்கு வெளியூரில் இரண்டு மாத முகாம். பரீட்சை செப்டம்பர் கடைசியில். முகாமுக்குப் போனால் திரும்ப டிசம்பர் ஆகிவிடும்.

எனக்குப் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தது நவம்பர் முதல் வாரத்தில்.

இதற்கு முன் இரண்டு தடவை எனக்குக் குழந்தை தங்கவில்லை. முதல் தடவை, அறுபத்தேழில், இவர் எலெக்ஷன் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். இரண்டாவது தடவை ஏதோ தேர்த் திருவிழா பந்தோபஸ்து. இரண்டு தடவையும் பக்கத்து வீட்டுச் சாவித்ரிதான் என்னை ரிக்‌ஷாவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். இவர் மறுநாள் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்று, "சாப்பிட்டியா யூனிஸ்?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதன்பின் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆண்களுக்கு மறந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோபம் எனக்கு உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான் ஊர் வழக்கம். என் அம்மா இல்லை. நாசரேத்தில் அண்ணி கூப்பிட்டார். ரயிலில் கால் வைக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்தே கிடக்க வேண்டும் என்று வேறு உத்தரவு. எனக்கு இருந்த ஒரே ஆசை, இந்தத் தடவை இந்த மனிதர் வீட்டில் இருக்க வேண்டும்.

"லீவு கேளுங்களேன்" என்றேன்.

"என்னன்னு கேக்கறது? பொண்டாட்டிக்குப் பிரசவம்னா? பிரசவம் உனக்கா அவங்களுக்கான்னு டிபார்ட்மெண்ட்ல சிரிப்பாங்க யூனிஸ்."

"அப்ப பாஸ் பண்ணுங்க."

அதற்கு அவர் மீசையைத் தடவினார்.

வழி சொன்னதும் ராகவன் சார்தான். "கண்ணுல கோளாறு இல்ல தனசிங். சத்தம் வரப்போகுதுன்னு உங்க கை முன்னாடியே பயப்படுது. குண்டு இல்லாமச் சுட்டுப் பழகுங்க. தினமும். சத்தம் வராதுன்னு கைக்கு நம்பிக்கை வரணும். அட்டையைப் பார்க்காதீங்க, துப்பாக்கி நுனியில இருக்கிற குறியைப் பாருங்க. டிரிக்கரை வெடுக்குனு இழுக்காம, எப்ப விழுந்ததுன்னு உங்களுக்கே தெரியாத மாதிரி அமுக்குங்க" என்றாராம். குழல் மேல் ஒரு காசு வைத்துப் பழகச் சொன்னதும் அவரே. கை உதறினால் காசு விழுந்துவிடும்.

மறுநாளே ஆரம்பித்தோம். சாயங்காலம் வந்ததும் ரிவால்வரைத் திறந்து குண்டுகளை எடுப்பார். அவற்றைப் படுக்கையறை பீரோவில் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொள்வேன். பிறகு காலி ஓட்டைகளை ஒவ்வொன்றாக நானே பார்ப்பேன், பிள்ளைகளின் நகத்தைப் பார்ப்பது போல. கூடத்துச் சுவரில் நான் வரைந்த கறுப்பு வட்டம். அவர் நிற்பார். அவருக்கு வலது பக்கம் ஈசிசேரில் நான்.

காசு வைப்பதில் ஒரு முறை வைத்துக்கொண்டோம். அவர் துப்பாக்கியை நீட்டியதும் ஐந்து பைசாவைக் குழல் மேல் நான் வைப்பேன். அவர் டிரிக்கரை அமுக்குவார். டிக். காசு அப்படியே இருந்தால் நான் "ம்" என்று சொல்லி அதை எடுத்துக்கொள்வேன். அவர் கையை இறக்கி, துப்பாக்கியின் முதுகிலிருக்கும் குதிரையைப் பின்னுக்கு இழுத்துவைத்து, மறுபடி நீட்டுவார். நான் மறுபடி காசு வைப்பேன்.

முதல் வாரம் "ம்" சொல்ல எனக்கு வாய்ப்பே வரவில்லை. கூடத்தில் ஐந்து பைசா போய் விழாத மூலையில்லை. எனக்குக் குனிய முடியாது; கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடுவதும் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் காத்திருக்கிறவர்தான்.

"இப்பவும் கண்ணை மூடறீங்க."

"மூடல. சிமிட்டினேன்."

"நான் பதினோரு வருஷமா பொய் சொல்ற பிள்ளைகளைப் பாத்துக்கிட்டிருக்கேன். மறுபடி."

ஒரு நாள் சாவித்ரி மோர்மிளகாய் கொடுக்க வந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். இவர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறார்; நான் பக்கத்தில் கையை உயர்த்திக்கொண்டு இருக்கிறேன். தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து, "தனசிங் சார், எதுவா இருந்தாலும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கலாம்" என்றாள். இவருக்கு முகம் சிவந்துபோயிற்று. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு இழுத்துக்கொண்டது. டாக்டரம்மா பார்த்திருந்தால் இருவரையும் திட்டியிருப்பார்.

ஆகஸ்ட் பாதியில் ஒரு சாயங்காலம் காசு விழவில்லை. அடுத்ததும் விழவில்லை. "ம்" என்றேன், "ம்" என்றேன், "ம்" என்றேன். அவர் முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமைகளில் மலையடிவாரத்து மைதானத்தில் நிஜக் குண்டோடு பயிற்சி. ஒவ்வொரு குண்டாக, அவசரமில்லாமல் சுடவிடுவார்கள். முதலில் மண்ணில் போனவை மெல்ல அட்டைக்கு ஏறின. பிறகு அட்டையில் நடுவுக்கு நகர்ந்தன. ஜெயவேலு அட்டையையே கொண்டுவந்து காட்டினார். "பாரும்மா, ஒரே எடத்துல கீது. எலி கடிச்ச மாதிரி." நான் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் மாணவி யாரும் என்னை இவ்வளவு பெருமைப்படுத்தியதில்லை.

அதனால் பரீட்சையன்று காலையில் எனக்குக் கவலையே இல்லை. ஜெபம் பண்ணி அனுப்பினேன். மத்தியானம் இவர் வந்து, நேரே கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே ஜெயவேலு.

"இன்னா ஆச்சு ஜெயவேலு?" பதற்றத்தில் எனக்கும் அந்தப் பாஷையே வந்துவிட்டது.

"இன்னான்னு சொல்றதும்மா. விசில் ஊதுனா ஆறு குண்டையும் கடகடன்னு சுட்டுடணும். அடுத்த விசிலுக்குள்ள முடிக்கணும். ஐயா மொத குண்டு சுட்டாரு, நட்ட நடுவுல. அப்பால கைய எறக்கிட்டு, வலது பக்கமா திரும்பிப் பாத்துகினு நிக்கறாரு. யாருக்கோ வெயிட் பண்ற மாதிரி. நாங்கல்லாம் யாரு வரப்போறாங்கன்னு அந்தப் பக்கம் பாக்கறோம். ஒர்த்தரும் இல்ல. அப்பால மறுபடி நீட்டிகினு, மறுபடி காத்துகினு... மூணு குண்டுல விசில் ஊதிட்டாங்கோ."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. காசு வைக்க என் கை வரட்டும் என்று நின்றிருக்கிறார். பயப்படாமல் அமுக்கக் கைக்குச் சொல்லிக்கொடுத்த அதே இரண்டு மாதத்தில், ஒவ்வொரு டிக்குக்கும் யூனிஸ் "ம்" சொல்லுவாள், காசை எடுப்பாள், வைப்பாள் என்பதையும் நாங்கள் சேர்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டோம். சனிக்கிழமைகளில் நிதானமாகச் சுட்டதால் யாருக்கும் அது தெரியவில்லை. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன்.

நல்லவேளை, ராகவன் சார் அட்டையைப் பார்த்துவிட்டு, "பட்ட மூணும் ஒரு ரூபாய்க் காசுக்குள்ள அடங்கும். இப்படிச் சுடறவரை ஃபெயில் போட மனசு வரலை. பத்து நாள்ல அடுத்த பேட்ச். அவங்களோட வாங்க" என்று சொல்லியிருந்தார்.

கிணற்றடிக்கு நானே நடந்து போனேன். போகக்கூடாதுதான்.

"வலது பக்கம் என்ன இருந்தது பாக்கறதுக்கு?"

"நீ இல்ல" என்றார். வேறு நேரமாக இருந்தால் அந்த இரண்டு வார்த்தைக்கு நான் உருகியிருப்பேன். அன்றைக்குக் காதைத் திருகலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலமே காசைத் தூக்கிப் பணப்பையில் போட்டேன். ஈசிசேரை அவர் முதுகுக்குப் பின்னால் போடச்சொன்னேன். பள்ளிக்கூட விளையாட்டு டீச்சரிடம் ஆள் அனுப்பி விசில் வாங்கினேன். விசில் ஊதினால் கை இறங்காமல், பெருவிரலாலேயே குதிரையை இழுத்து, ஆறு டிக். நடுவில் வலது பக்கம் தலை திரும்பினால் கணக்கில் சேராது.

முதல் நாள் ஒவ்வொரு டிக்குக்கும் தலை திரும்பியது. "நான் அங்க இல்ல. நுனியைப் பாருங்க" என்று பின்னாலிருந்து அதட்டினேன். மெல்ல மெல்லத் தலை நின்றது. விசில் சத்தத்துக்கு எதிர்வீட்டு நாய் பழகியது, சாவித்ரியும் பழகினாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஆறும் சுட்டு முடித்த அன்று எனக்கு உண்மையில் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. சொல்லிக்கொள்ளவில்லை.

இரண்டாவது பரீட்சையன்று மத்தியானமும் அவர் நேரே கொல்லைப்பக்கம்தான் போனார். ஆனால் வாசலில் நின்ற ஜெயவேலு, காபி கேட்காமலேயே சிரித்தார்.

"ஐயாதாம்மா ஃபர்ஸ்ட்டு. மொத்த பேட்ச்சுக்கும் ஃபர்ஸ்ட்டு."

"தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று உட்கார்ந்தேன். "பிறகு ஏன் அங்க போய் உட்கார்ந்திருக்கார்?"

"அதத்தான் சொல்ல வந்தேன். ராகவன் சாருக்கு ஒரே குஷி. ஐயாவ டிஸ்ட்ரிக்ட் டீமுல சேத்துட்டேன், போட்டிக்குத் தயார் பண்ணணும், திங்கக்கெழம கெளம்பணும், ஒன்ற மாசம் கேம்ப்புன்னுட்டாரு."

தோற்றால் இரண்டு மாதம், ஜெயித்தால் ஒன்றரை மாதம். நன்றாகச் சுடு, நன்றாகச் சுடு என்று விசில் ஊதி ஊதி நானே ரயிலேற்றிவிட்டேன்.

"இரும்மா, முடிக்கல" என்றார் ஜெயவேலு. "எல்லாரும் கை தட்றோம். ஐயா அட்டென்ஷன்ல நின்னுகினே, சார், நான் வரலைங்கறாரு. ஏன்யான்னு கேட்டாரு. ஐயா சொல்றாரு: என் சம்சாரத்துக்குப் பிரசவ நேரம் சார், ரெண்டு தடவ கொழந்த தவறிப்போச்சு, ரெண்டு தடவையும் நான் பக்கத்துல இல்ல, இந்தத் தடவ இருக்கணும், டீம் வேணாம்னு. இருவது முப்பது பேரு நிக்கறோம்மா. ஒர்த்தனும் சிரிக்கல."

"ராகவன் சார் என்ன சொன்னார்?"

"இத மொதல்லயே சொல்லியிருந்தா பரிச்சையையே தள்ளி வெச்சிருப்பேனேன்னாரு. அடுத்த வருசம் டீமுக்கு வா, இப்ப வூட்டுக்குப் போன்னு அனுப்சிட்டாரு."

ஜெயவேலு போனபின் இவர் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவ்வளவு பேர் முன்னால சொன்னீங்களாமே" என்றேன். "ரெண்டு தடவைன்னு."

"ஜெயவேலுவுக்கு இனிமே காபி கொடுக்காதே."

"நீங்க மறந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

அவர் துண்டைக் கொடியில் போட்டார். ஈசிசேருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், சுவரிலிருந்த கறுப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மூத்தது இருந்திருந்தா இந்த ஜூன்ல உன் ஸ்கூல்ல ஒண்ணாம் கிளாஸ் சேர்த்திருப்போம். ஸ்கூல் திறந்த அன்னிக்கு அந்தப் பக்கம்தான் எனக்கு டிராஃபிக் டியூட்டி. பிள்ளைங்க போறதைப் பாத்துக்கிட்டே நின்னேன்."

அந்தக் கணக்கை நான் ஒருத்திதான் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.