ஊதா மூடி டியூபிலிருந்து கொஞ்சம்

என் மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'சவ்வு'. கல்லூரியில் முதல் வருஷத்துக்கு உயிரியல் எடுக்கிறேன். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வைப் பற்றி ஒரு மாசம் பேசுவேன் என்பது ஒரு காரணம். எதையும் இழுத்து இழுத்துப் பேசுவேன் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை நினைத்துத்தான் பெயர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு வெங்காயத் தோல் பிராக்டிகல். தோலை உரித்துக் கண்ணாடியில் வைத்து, உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே போய், உள்ளே இருப்பதெல்லாம் சுவரை விட்டு விலகிச் சுருங்கும். "ஏன் சுருங்குது?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து "உங்களைப் பார்த்து பயந்து, மேடம்" என்று குரல் வந்தது. யாரென்று கண்டுபிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது.

என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். வேலை நேரத்தில் போன் பண்ணுகிற பழக்கமே கிடையாது.

"ஒண்ணுமில்ல" என்று ஆரம்பித்தார்.

இருபத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவர் 'ஒண்ணுமில்ல' என்று ஆரம்பித்தபோதெல்லாம் ஏதாவது ஒன்று இருந்திருக்கிறது. ஒருதடவை விரல் முறிந்திருந்தது. இன்னொரு தடவை பத்தாவது மாடிக்கும் பதினோராவது மாடிக்கும் நடுவில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னன்னு சொல்லுங்க."

"காலைல ரத்தம் குடுத்தேன்ல, லைசென்ஸுக்கு? லேப்லேருந்து கூப்பிட்டாங்க. பொட்டாசியம் ஜாஸ்தியாம். உடனே அவசரப் பிரிவுக்கு வந்து படுக்கச் சொல்றாங்க. நான் ஆட்டோ பிடிச்சிட்டேன். நீ கிளாஸை முடிச்சிட்டு மெதுவா வா."

"எவ்வளவு?"

"ஒன்பது புள்ளி எட்டு" என்றார், ஏதோ மாடி நம்பர் சொல்வதுபோல.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொட்டாசியத்தைப் பற்றி வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்துகிறவள் நான். "செல்லுக்கு உள்ள யாரு? பொட்டாசியம். வெளிய யாரு? சோடியம். ரெண்டு பேரும் இடம் மாறிட்டா ஆட்டம் குளோஸ்" என்று சொல்லிச் சொல்லியே பெஞ்சைத் தட்டுவேன். செல்லுக்கு வெளியே, ரத்தத்தில், நாலு சொச்சம் இருந்தால் போதும். ஐந்தைத் தாண்டினால் டாக்டர் முகம் சுளிப்பார். ஏழைத் தாண்டினால் இதயம் எந்த நிமிஷமும் நின்றுவிடலாம். ஒன்பது புள்ளி எட்டை நான் பாடப் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை.

மிஞ்சிய பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகம். அது படுத்துவிட்டால்தான் ரத்தத்தில் இப்படி ஏறும். இவருடைய அண்ணனுக்கு அப்படித்தான் ஏறியது. ஒரு சாயங்காலம் வாந்தி என்று படுத்தார், மறுநாள் இல்லை. அப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. என் வீட்டுக்காரருக்கு இப்போது ஐம்பத்தொன்று.

பசங்களிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினேன் என்று ஞாபகமில்லை. வெங்காய வாசனை கையிலேயே இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் மூன்று லிஃப்டுகளையும் பார்த்துக்கொள்வது இவர்தான். அதனால் வாட்ச்மேனிலிருந்து நர்ஸ் வரைக்கும் எல்லாரும் பழக்கம். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் சாய்ந்துகொண்டு, நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு, இரண்டாவது லிஃப்டின் கதவு ஏன் சட்டென்று சாத்தாமல் இழுக்கிறது என்று நர்ஸுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா டீச்சரம்மா? நான்தான் மெதுவா வான்னேனே."

"வாயை மூடிட்டுப் படுங்க."

டியூட்டி டாக்டர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். என்னைத் தனியே அழைத்து, "ஈ.சி.ஜி. நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை மட்டும் நம்பி இந்த நம்பரோட சும்மா உக்காந்திருக்க முடியாது. முதல்ல இன்சுலின் டிரிப் போட்டு இறக்கறோம். கூடவே டயாலிசிஸுக்கு ஏற்பாடு பண்ணச் சொல்லியிருக்கேன். கழுத்துல ஒரு டியூப் போடணும். இதுல கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"திரும்ப ஒருதடவை ரத்தம் எடுத்துப் பார்க்கலையா, டாக்டர்?"

"எடுத்து அனுப்புவோம். ரிசல்ட் வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் காத்திருந்து ஏதாவது ஆச்சுன்னா?"

அவர் சொன்னது நியாயம். பேனாவை வாங்கினேன். கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். பாதி எழுதியிருந்தபோது ஒரு நர்ஸ் வந்து, கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார். லேபில் இருந்து போனில் சொன்னது அந்த ஒரே ஒரு எண்ணைத்தான். முழு ரிப்போர்ட் இப்போதுதான் வந்திருக்கிறது. டாக்டர் டிரிப் பாட்டில் பக்கம் திரும்பியிருந்தார்.

இருபத்திரண்டு வருஷமாக விடைத்தாள் திருத்துகிறவள் நான். எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் கீழே வைக்க வராது.

சர்க்கரை சரி. சிறுநீரகத்துக்கான எண்ணும் சரியாகவே இருந்தது. இது என்ன கூத்து? சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் பொட்டாசியம் எப்படி ஏறும்? கீழே வந்தேன். கால்சியம்: இரண்டு புள்ளி ஆறு.

ஒன்பது இருக்க வேண்டும். இரண்டு புள்ளி ஆறு என்றால் விரல்கள் முறுக்கிக்கொள்ளும், வலிப்பு வரும், ஆளால் பேசவே முடியாது. இந்த மனிதரோ நர்ஸின் பேனாவை வாங்கித் தாளில் லிஃப்ட் கதவைப் படமாக வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். கோடு நேராக இருந்தது.

அப்போதுதான் எனக்குள் இருந்த சவ்வு மேடம் விழித்துக்கொண்டாள். பொட்டாசியத்தை ஏற்றி, அதே சமயம் கால்சியத்தைக் காணாமல் அடிக்கிற வியாதி எது? எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அப்படிச் செய்கிற ஒரு பொருளை எனக்குத் தெரியும். அது என் பிராக்டிகல் அறை அலமாரியில் இருக்கிறது.

ரத்த செல்களைப் பார்க்கிற பிராக்டிகலுக்கு எங்களுக்கு ரத்தம் வரும் டியூபின் மூடி ஊதா நிறம். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். அதனால் அந்த டியூபுக்குள் ஒரு உப்பைத் தடவி வைத்திருப்பார்கள். அது கால்சியத்தை எல்லாம் கட்டிப்பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தம் உறையாது. இதை வருஷா வருஷம் சொல்கிறேன். டப்பாவின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அது என்ன உப்பு என்றும் போட்டிருக்கும். பொட்டாசியம் உப்பு.

"டாக்டர், டிரிப்பை மாட்டாதீங்க."

கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்க டாக்டரா?" என்று கேட்டார் டியூட்டி டாக்டர். கோபம் தெரிந்தது.

"இல்ல. முதல் வருஷப் பசங்களுக்கு உயிரியல் சொல்லிக் குடுக்கறவ. நீங்க படிச்சு மறந்த பாடம். இந்தக் கால்சியத்தை மட்டும் ஒரு தடவை பாருங்க."

தாளை வாங்கினார். நின்ற இடத்திலேயே இரண்டு தடவை படித்தார். பிறகு கட்டிலில் இருந்த ஆளைப் பார்த்தார். ஆள் படம் வரைவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். டாக்டர் கையிலிருந்த டிரிப் டியூபை அவருக்கு ஏற்றாமல், மெதுவாகத் திரும்பக் கொக்கியிலேயே தொங்கவிட்டார்.

"ஊதா மூடி" என்றார், தனக்குத்தானே.

"ஆமாம்" என்றேன். இன்சுலின் பொட்டாசியத்தைப் பிடித்துச் செல்லுக்குள் தள்ளும். நிஜத்தில் நாலு இருக்கிற ஆளுக்கு அதை ஏற்றியிருந்தால் மூன்றுக்கும் கீழே இறங்கியிருக்கலாம். இதயத்துக்கு அதுவும் ஆகாது. அதை அவருக்கு நான் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே புரிந்திருந்தது.

டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "காலைல ரத்தம் எடுத்தப்போ என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். இருபது மாடி ஆழக் குழிக்கு மேல் ஒற்றைக் கம்பியில் நின்று ஸ்க்ரூ முடுக்குகிறவர், இப்போது போர்வை நுனியை முறுக்கினார்.

"ஒண்ணுமில்ல..." என்றார்.

"சொல்றீங்களா, இல்லையா?" என்றேன்.

மென்று விழுங்கி ஒருவழியாகச் சொன்னார். இவருக்கு ஊசி என்றால் பயம். எனக்கே தெரியாத சங்கதி. கல்யாணமான நாளிலிருந்து மறைத்திருக்கிறார். காலையில் ரத்தம் எடுத்தது லேப் டெக்னீஷியன், இவருடைய சிநேகிதர். ஊதா மூடி டியூப் நிரம்பிவிட்டது. பொட்டாசியம், கால்சியம் எல்லாம் பார்க்கிற மஞ்சள் மூடி டியூப் கால்வாசி வந்தபோது நரம்பு மக்கர் பண்ணியது. இன்னொரு தடவை குத்த வேண்டும் என்று அவர் சொல்ல, இவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறார். "ப்ளீஸ் பா, உங்க ஆஸ்பத்திரி லிஃப்டை நான் எத்தனை தடவை உடனே வந்து சரி பண்ணியிருக்கேன்."

"அப்புறம்?" என்றார் டாக்டர்.

"பாவம், அவனுக்கு மனசு கேக்கல. ஊதா மூடியைத் திறந்து அதுலேருந்து கொஞ்சம் எடுத்து மஞ்சள்ல ஊத்திட்டான். என் ரத்தம்தானே ரெண்டும்? யார்கிட்டயும் சொல்லாதேன்னான். அதான் சொல்லல."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. டாக்டர் இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

மேல் மாடித் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு சின்ன மெஷின் இருக்கிறதாம். பொட்டாசியத்தை மூன்றே நிமிஷத்தில் சொல்லிவிடுமாம். டாக்டர் லேபுக்குப் போன் போட்டு அந்த டெக்னீஷியனையே வரச் சொன்னார். ஊசித் தட்டோடு வந்தார் அவர். நாற்பத்தைந்து வயது மனிதர், முகம் வெளுத்து, கண் கலங்கி நின்றார்.

"மேடம், ஒரே ஆளோட ரத்தம்தானேன்னு... அந்த நேரத்துல மூளை வேலை செய்யல. இருபது வருஷ சர்வீஸ். நம்பர் வந்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். பயந்துபோய் இவருக்குப் போன் பண்ணிட்டேன்."

நன்றாக நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். நான் ஆரம்பித்தால் ஒரு மாசம் பேசுவேன். அவர் ஊசி உறையைப் பிரிக்க முடியாமல் தடுமாறுவதைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். டாக்டர் மட்டும், "சாயங்காலம் எழுதிக் குடுங்க. உங்களைத் தண்டிக்க இல்ல. அடுத்த ஆளுக்கு நடக்கக் கூடாது" என்றார். வேறொரு நர்ஸ் ஊசியை வாங்கிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். "இந்தப் பக்கம் பாருங்க" என்று அவர் முகத்தை என் பக்கம் திருப்பினேன். "வெங்காய வாசனை வருது" என்றார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். என் விரல்களை அவர் பிடித்த பிடியில் மோதிரம் எலும்பில் அழுந்தியது. ஊசி உள்ளே போய் வெளியே வரும் வரை அவர் மூச்சே விடவில்லை, நானும் விடவில்லை.

மூன்று நிமிஷம் என்றார்கள். பதினோரு நிமிஷம் ஆனது. மேலே போகிற இரண்டாவது லிஃப்ட் கதவு சாத்தாமல் இழுத்துக்கொண்டு நின்றதாம். அந்தப் பதினோரு நிமிஷத்தில் என் கெட்டிக்காரத்தனம் எல்லாம் கரைந்துபோனது. நான் நினைத்தது தப்பாக இருந்தால்? ஈ.சி.ஜி. ஏமாற்றினால்? கழுத்தில் டியூப் போட வேண்டிய நேரத்தில் நான் பாடம் நடத்தியிருந்தால்? சுவரில் சாய்ந்துகொண்டு, கதவைப் பார்த்தபடியே நின்றேன்.

டாக்டர் படியேறிப் போய்த் தானே சீட்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"நாலு புள்ளி மூணு. கால்சியமும் சரியா இருக்கு."

அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன உயிர் திரும்பி வந்தது என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது இப்படி முழங்காலில் ஆரம்பிக்கும் என்று யாரும் சொன்னதில்லை. அழுதேன். வெட்கமே படாமல், சத்தமாக அழுதேன். டாக்டர் என் பக்கத்தில் குனிந்து, "எனக்கு முதல் வருஷத்துல உயிரியல் எடுத்த மேடத்தையும் நாங்க கிண்டல்தான் பண்ணுவோம்" என்றார். "பண்ணுங்க, பண்ணுங்க" என்றேன், மூக்கைச் சிந்திக்கொண்டு.

ஒயர்களைக் கழற்றினார்கள். கழுத்து டியூபுக்கான தாளை டாக்டர் கிழித்துப் போட்டார். பாதிக் கையெழுத்தோடு அது குப்பைக் கூடையில் விழுந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தித்திப்பாக இருந்தது. திட்டலாம் என்று கட்டிலுக்குப் போனேன். ஊசிக்குப் பயந்த கதையை மகளிடம், சம்பந்தியிடம், வாட்ச்மேனிடம், ஒருத்தர் விடாமல் சொல்லி மானத்தை வாங்கப் போவதாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன்.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மேல் பொத்தானைக் கீழ்த் துளையில் போட்டிருந்தார். அந்தக் கை இப்போதுதான் நடுங்கியது.

"அண்ணனுக்கு வந்தது எனக்கு வரல, இல்ல?" என்று கேட்டார். குரல் சின்னப் பையனுடையது மாதிரி இருந்தது.

"வரல. கிட்னி, ரத்தம் எல்லாம் நல்லா இருக்கு. நானே படிச்சுப் பார்த்தேன்."

"கடைசி வரி வரைக்குமா?"

"கடைசி வரி வரைக்கும்."

தலையாட்டினார். காலையிலிருந்து சிரித்துச் சிரித்துப் பேசியது எல்லாம் எனக்காக என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் பொத்தான்களை அவிழ்த்து நான் சரியாகப் போட்டுவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டார்.

"அவன் போனப்போ ஐம்பத்தொரு வயசு, நாலு மாசம்" என்றார். "நான் எண்ணிட்டே இருந்தேன். உன்கிட்ட சொல்லல."

"எனக்குத் தெரியும்" என்று பொய் சொன்னேன்.

"அடுத்த மாசம் பதினாலாம் தேதிலேருந்து" என்றார் என் வீட்டுக்காரர், "நான்தான் அவனுக்கு அண்ணன்."