ஷாம் மாப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம்

பெண் பார்க்க வந்தால் ஜெபம் பண்ணுவார்கள், மக்ரூன் சாப்பிடுவார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். நாசரேத்திலிருந்து வந்த ஷாம் வீட்டார் கணக்குப் பரீட்சையும் வைத்தார்கள்.

வைத்தவர் அவனுடைய அத்தை கிருபாபாய், ரிட்டயர்டு கணக்கு டீச்சர். அந்தக் குடும்பத்துக்குள் வருகிறவர்கள் ப்யூர் மேத்ஸ் படித்திருக்க வேண்டும். ரூட் இரண்டு விகிதமுறா எண் என்று நிரூபித்த பிறகுதான் ஷாமின் அம்மாவுக்கே நிச்சயம் பண்ணினார்களாம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்த மருமகன் ஒருவர் இன்றைக்கும் குடும்ப போட்டோவில் ஓரமாகத்தான் நிற்கிறார்.

நான் படித்தது குவான்டிடேட்டிவ் ஃபைனான்ஸ், பங்குச்சந்தைக்கான கணக்கு. ஷாமும் நானும் ஹார்பரில் ஒரே கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறோம். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அதற்காகவே பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஜெப்ஸி, உன் படிப்புல ப்யூர் மேத்ஸ் எம்புட்டு வரும்?" என்றார் அத்தை.

அப்பா முந்திக்கொண்டு முக்கால்வாசி என்றார். பச்சைப் பொய். லீனியர் அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ், கொஞ்சம் மெஷர் தியரி, எல்லாம் ஒரே செமஸ்டரோடு சரி. டோப்பாலஜி பக்கமே போகவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். பெரிய தேற்றங்களுக்கு நிரூபணம் தராமல் நம்பிக்கொள்ளச் சொன்னார்கள் என்பதையும் சொன்னேன்.

"நம்புறதாவது?" என்றார் அத்தை. ஜெபம் பண்ணிக் கால்மணி நேரம்கூட ஆகாத வாய் அது.

ரூட் இரண்டை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். அது பழசு என்றுவிட்டார். ஷாம் எனக்குப் பொருத்தமா என்று நிரூபிக்க வேண்டுமாம்.

எரிச்சல் தலைக்கேறியது. ஷாம் எனக்கு மாப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம் என ஆரம்பித்தேன். கல்யாணமானால் எதையும் புருஷனும் பெண்சாதியும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஷாமோ சட்டை நிறத்தைக்கூட அத்தையிடம் கேட்டுத்தான் எடுப்பான். ஆக, நான் பேசி முடிவெடுக்கப்போவது அத்தையோடு. ஆக, நான் கட்டிக்கொள்ளப்போவதும் அத்தையை. அது நடக்காது.

"அதனால மொதல்ல வச்சுக்கிட்டதுதான் தப்பு. ஷாம் எனக்கு மாப்பிள்ளை இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று உறைத்தது. அழுகை முட்டியது. அத்தையோ எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். துளி ஓட்டையில்லாத நிரூபணமாம். பெண் பிடித்துவிட்டது, தேதி குறித்துவிடலாம் என்றார்.

நான் ஷாமைப் பார்த்தேன். ஒரு வரி தப்பு என்று அவன் சொன்னால் போதும், முழுவதையும் அழித்துவிடத் தயாராக இருந்தேன். அவன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"அத்தை, அவ சொல்லுதது சரியா?"