எட்டாவது பொட்டு

1

இந்தக் கதைக்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் என்னுடையதல்ல.

வேலை முடிந்து தாம்பரத்தில் மாலை வகுப்புக்குப் போவதற்காக அஸ்தினாபுரம் வழியாக நடப்பேன். அங்கே ஒரு காலி மனையில் எஞ்சின் இல்லாத மினி லாரி ஒன்று மாதக்கணக்கில் நின்றது. பக்கத்தில் தார்ப்பாய் கட்டிய கொட்டகை, அதற்குள் இரும்பு மேசைமேல் எஞ்சின், எஞ்சின்மேல் குனிந்தபடி எப்போதும் ஒரே ஆள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கும். ஒருநாள் இன்னொருவன் டீயோடு அவனிடம் போனான். குனிந்திருந்தவன் நிமிராமலே சொன்னான்: “தொடாத மச்சான். நான் தனியா பண்ணிக்கிறேன்.”

டீ கொண்டுவந்தவன் கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பினான். நான் நிற்கவில்லை. வகுப்புக்கு நேரமாகியிருந்தது.

பிறகு ஒருநாள் லாரியும் இல்லை, கொட்டகையும் இல்லை. மண்ணில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஒரு தடவையாவது நின்று கேட்டிருக்கலாம். கேட்காததால் இனி வரும் பெயர்கள், ஆட்கள், லாரிக்கு என்ன ஆனது என்பது எல்லாம் நானாகக் கட்டியவை.

2

முதல் தொடக்கம்: கோவளத்தில் மீன் ஏற்றிக்கொண்டு திரும்பிய ஃபிரெடியின் லாரி, கேளம்பாக்கம் தாண்டியதும் ஒருமுறை அலறி (அலறியதா? நான் கேட்டதில்லை. விட்டுவிடுகிறேன்.)

இரண்டாம் தொடக்கம்: ஆபேல் எதையும் முறையாகச் செய்பவன், பொறுமைசாலி, யாரிடமும் (இது கதை இல்லை, நன்னடத்தைச் சான்றிதழ்.)

மூன்றாவது, வேறு வழியில்லாமல் நான் வைத்துக்கொண்டது: ஃபிரெடியின் லாரியில் எஞ்சின் சுழல முடியாமல் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டது. பார்க்க வந்த மெக்கானிக், அதை எடைக்குப் போட்டுவிட்டு வேறு பிழைப்பைப் பார்க்கச் சொன்னார். ஃபிரெடி சரி என்று தலையாட்டியும் விட்டான். அப்போதுதான் அவன் மனைவியின் அண்ணன் ஆபேல், அதுவரை ஸ்கூட்டர் பிளக்கைத் தவிர எதையும் கழற்றியறியாதவன், இந்த எஞ்சினை நானே பிரித்து நானே சேர்க்கிறேன் என்றான்.

3

ஆபேலுக்கு குரோம்பேட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. அடுத்தவர் எழுதிய கணக்கை வரிவரியாகப் பார்த்து, சரியாக இருந்தால் பக்கத்தில் ஒரு சின்ன டிக் போடுவது. டிக் இல்லாத வரி அவனைத் தூங்கவிடாது.

ஃபிரெடி அவனோடு பள்ளியில் படித்தவன். ஆபேலின் தங்கை டெபோராவைக் கட்டிக்கொண்டதில் இருவருக்கும் மச்சான் என்ற பழைய கூப்பிடல் உறவாகவும் ஆகிவிட்டது. லாரி நின்றதிலிருந்து ஃபிரெடி ஆக்டிங் டிரைவர்.*

*சொந்த வண்டி இல்லாமல், கூப்பிட்டவர் வண்டியை ஓட்டிக் கொடுப்பவர். கூப்பிடாத நாளில் வீட்டில் இருப்பவர்.

இதற்கு நடுவில் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தினசரி லோடு ஏற்ற ஒரு வண்டி கேட்டார்கள். அங்கிருந்த மேலாளர் யக்ஞநாராயணன் ஃபிரெடியைத் தெரிந்தவர். ஒரு திங்கட்கிழமையைச் சொல்லி, அன்று காலை ஷிஃப்டுக்கு முன்னால் வண்டி கேட்டில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவதைத் தவிர தனக்கு வழியில்லை என்றார். ஃபிரெடி மறுபடி சொந்த வண்டிக்காரன் ஆவதா, ஆக்டிங்காகவே இருப்பதா என்பது அந்தத் திங்கட்கிழமையில் இருந்தது.

ஆபேல் வேகமாக வேலை செய்தானா? இல்லை. பிரித்த ஒவ்வொரு உருப்படியையும் டீசலில் கழுவி, துடைத்து, மறுநாள் சந்தேகம் வந்து மறுபடி கழுவினான். லேத்தில் கடைந்து வந்த சிலிண்டரை அளந்தான். அளவுகோல் சரியா என்று இன்னொரு அளவுகோல் வாங்கி அளந்தான். ஒரு வாரத்தில் முடிகிற வேலைக்கு மாதக்கணக்கில் ஆனது. உதவ வந்த ஃபிரெடியை இரண்டாம் நாளே தள்ளிவைத்துவிட்டான். ஃபிரெடி எதையும் கண்ணால் பார்த்தே சரி என்று சொல்லும் ஆள். போல்ட்டைக் கையால் திருகிவிட்டு, போதும் மச்சான், எங்க போயிடப் போவுது என்பான்.

4

அந்த எஞ்சினுக்கு நான்கு பிஸ்டன். ஒவ்வொன்றும் ஓர் இரும்புக் கையை நீட்டிக் கீழே சுழலும் கிராங்க் என்ற தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடியை ஒரு மூடி மூடும். மூடிக்கு இரண்டு போல்ட். வேறு போல்ட் தளர்ந்தால் எண்ணெய் கசியும், சத்தம் வரும், நிறுத்திப் பார்க்கலாம். இந்த எட்டில் ஒன்று தளர்ந்தால், லோடோடு வேகமாகப் போகும்போது அந்த இரும்புக் கை எஞ்சினின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

அதனால் இவற்றை டார்க் ரெஞ்சால் இறுக்குவார்கள். வேண்டிய அளவு இறுகியதும் ‘டக்’ என்று அதுவே சொல்லிவிடும். ஆனால் டக் என்பது காற்றில் போய்விடும் சத்தம். கையால் திருகிய போல்ட்டும் ரெஞ்சால் இறுக்கிய போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆபேல் ஆடிட்டர் ஆபீஸ் வழியிலேயே யோசித்தான். டெபோராவின் சிவப்பு நகப்பூச்சை வாங்கிவந்தான். ஒரு டக்குக்கு ஒரு பொட்டு.

டெபோரா சிரித்தாள். “சர்ச்சுக்குப் போற நம்ம வீட்ல பொட்டு வெச்சுக்கிற ஒரே ஆளு இந்த லாரிதான்.”

அன்று சாயங்காலம் அவன் முதல் மூடியிலிருந்து ஆரம்பித்தான். இழுத்தான், டக், பொட்டு. அவசரப்படவில்லை. நான்காவது மூடியின் கடைசி போல்ட்டில் ரெஞ்சை மாட்டினான். இடது கையை மேசையில் ஊன்றிக்கொண்டு

“இன்னா டாக்டரே, பேஷண்ட் பொழைச்சிகினாரா?”

ஃபிரெடி டீயோடு வந்திருந்தான். டீ கிளாஸை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்த பல்பை நோக்கிக் கையை நீட்டினான். வெளிச்சம் தப்பான பக்கம் விழுது, நான் புடிச்சிகினு நிக்கட்டா என்று கேட்டான்.

“தொடாத மச்சான். நான் தனியா பண்ணிக்கிறேன்.”

நீட்டிய கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு ஃபிரெடி அதைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டான். கையில் அழுக்கு ஏதும் இல்லை. சரி மச்சான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

டீயில் ஆடை படிந்த பிறகுதான் ஆபேல் அதைக் குடித்தான். குடித்துவிட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, எண்ணெய்த் தொட்டியை வைத்துக் கீழ்ப்பக்கத்தை மூடினான்.

5

இங்கே எனக்கு ஃபிரெடிமேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவன் இருப்பானா? ஒரு வரைவில் அவனைக் கத்தவைத்தேன். வண்டி என்னுது, எஞ்சின் என்னுது, நீ யாருடா தொடாதன்னு சொல்ல என்று எழுதினேன். எழுதியதை வாசித்தால் எனக்கே நிம்மதியாக இருந்தது. சண்டை வந்தால் மறுநாள் சமாதானமும் வரும். அதனாலேயே அடித்துவிட்டேன். நான் பார்த்தவன் டீயை வைத்துவிட்டுச் சண்டை போடாமல்தான் போனான்.

6

எஞ்சினை லாரியில் ஏற்றுவது இரண்டு ஆள் வேலை. ஒருவர் எஞ்சின் தொங்கும் செயின் பிளாக்கைப் பிடித்து இறக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்து கியர் பாக்ஸின் தண்டு கிளட்ச்சுக்குள் நேராக நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். ஆபேல் சங்கிலியை ஒரு பல் இறக்குவான், வண்டிக்கடியில் போவான், பார்ப்பான், வெளியே வருவான், மறுபடி ஒரு பல். எதிரே பைக்மேல் உட்கார்ந்து ஃபிரெடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டிருந்தால் ஓடிவந்திருப்பான். வெயில் சாய்ந்த பிறகு தண்டு உள்ளே போனது. ஆபேல் நிமிர்ந்து பார்த்தபோது பைக் இல்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமியது, கறுப்பாக ஊதியது, ஓடியது. அக்கம்பக்கத்தார் வெளியே வந்தார்கள். ஃபிரெடி பானட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, தையல் மிஷின் மாதிரி கீது என்றான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் வந்தார். டெபோராவும் ஃபிரெடியும் பானட்டில் கைவைத்து நிற்க, போகையிலும் வருகையிலும் காக்கும்படி ஜெபித்தார். ஆபேல் கொஞ்சம் தள்ளி நின்றான். ஆமென் சொன்னபோது அவன் குரல்தான் எல்லோரையும்விடச் சத்தமாக இருந்தது.

(நல்ல கதை இங்கேயே முடிந்திருக்கும்.)

7

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, ஆபீஸ் நண்பனுக்கு அனுப்பலாம் என்று ஆபேல் போனில் படங்களைத் தேடினான். கீழ்ப்பக்கத்தை மூடுவதற்கு முன் எடுத்த படம் வந்தது. நான்கு மூடிகள், வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். விரல் தானாகவே எண்ணத் தொடங்கியது, தொழில் பழக்கம்.

ஏழு.

பெரிதாக்கிப் பார்த்தான். கடைசி மூடியின் கடைசி போல்ட்டில் பொட்டு இல்லை.

இறுக்கிவிட்டுப் பொட்டு வைக்க மறந்தானா? இறுக்கவே மறந்தானா? அந்தச் சாயங்காலத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். ரெஞ்சை மாட்டியது ஞாபகம் இருக்கிறது. சட்டையில் துடைத்த கை ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. டக் என்ற சத்தத்தை அவனால் கேட்க முடிந்தது, ஆனால் அது முன்பு கேட்ட ஏழில் ஒன்றா, எட்டாவதா என்று தெரியவில்லை.

திறந்து பார்க்கலாம். ஆனால் இந்த லாரியில் எண்ணெய்த் தொட்டிக்குக் குறுக்கே முன் ஆக்ஸில் போகிறது. எஞ்சினைத் தூக்காமல் தொட்டி வராது. தொட்டியைக் கழற்றினால் புது கேஸ்கட் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் கடை இல்லை. திறந்தால் திங்கட்கிழமை போய்விடும்.

அவன் ஆபீஸில் ஒரு விதி உண்டு. கணக்கை எழுதியவரே அதைச் சரிபார்க்கக் கூடாது. எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் இன்னொரு கண் வேண்டும். அந்த விதியை ஃபைல்களுக்கு வெளியே அவன் எங்கும் யோசித்ததில்லை.

8

ஃபிரெடி லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆபேல் படத்தைக் காட்டி, விஷயத்தைச் சொன்னான். ஃபிரெடி நீளமாகப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“அன்னைக்கு நீ டீ கொண்டுவந்தல்ல,” என்றான் ஆபேல். “அப்ப ரெஞ்ச் டக்குனு சொல்லிச்சா? உனக்குக் கேட்டுச்சா?”

ஃபிரெடி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், கண்ணை மூடிக்கூடப் பார்த்தான்.

“நீதான் போகச் சொல்லிட்டியே மச்சான். நின்னுகினு இருந்தா கேட்டிருப்பேன்.”

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் ஆபேல் தாங்கியிருப்பான்.

மெக்கானிக் யாரையாவது கூப்பிடலாமா என்று ஆபேல் இழுத்தான். வெளியே இருந்து பார்த்துச் சொல்ல எந்த மெக்கானிக்காலும் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஃபிரெடி துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். மறுநாள் கேட்டில் காத்திருக்கப்போகும் யக்ஞநாராயணனைப் பற்றியோ, வீட்டில் டிபன் பாக்ஸைத் தேய்த்துவைத்திருக்கும் டெபோராவைப் பற்றியோ அவன் பேசவில்லை. சாவியை மட்டும் உள்ளங்கையில் உருட்டினான்.

“எனக்கு இதெல்லாம் தெரியாது. நீ சொல்லு. எடுத்துனு போவட்டுமா, வேணாமா? நீ சொன்னா சரி.”

9

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் ஆபேல் வேண்டாம் என்கிறான். திங்கட்கிழமை எஞ்சினைத் தூக்கித் திறக்கிறான். கடைசி போல்ட்டில் ரெஞ்சை வைத்து இழுத்ததும், போல்ட் அசையாமல், டக். முன்பே இறுகித்தான் இருந்திருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலில் அதற்குள் வேறு வண்டி லோடு ஏற்றிவிட்டது. பரவால்ல மச்சான் என்கிறான் ஃபிரெடி. அதன் பிறகு அவன் டீ கொண்டுவருவதில்லை.

இரண்டாவதில் எடுத்துப் போ என்கிறான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும், டெபோரா பெயர் திரையில் வரும்போதும், எடுப்பதற்கு முன் ஆபேல் ஒரு கணம் காத்திருக்கிறான். எத்தனை வருஷம் காத்திருப்பான் என்று எழுதத் தெரியவில்லை.

மூன்றாவது: கூடுவாஞ்சேரி தாண்டி மேம்பாலம் ஏறும்போது ஃபிரெடி கியரை

(இல்லை. இதை எழுதமாட்டேன்.)

மூன்றில் எது சரி என்பதை என்னால் சொல்ல முடியாது. ஆபேலுக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நான்தானே அவனைக் கட்டினேன், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

10

நான்காம் பகுதியில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. ‘இடது கையை மேசையில் ஊன்றிக்கொண்டு’ என்பதோடு. அதை நான் உத்தியாகச் செய்யவில்லை.

அந்தப் பகுதியைத் தாம்பரம் பஸ்ஸில் எழுதிக்கொண்டிருந்தேன். சானடோரியம் நிறுத்தம் வந்தபோது பக்கத்து ஸீட்டில் இருந்தவர், வயதில் என் அப்பா போல, எட்டிப் பார்த்து, கதையா தம்பி, எழுதுறீங்களா என்று கேட்டார். ஒண்ணுமில்ல சார் என்று நோட்டை மூடிக்கொண்டேன். அவர் மன்னிப்பு கேட்பதுபோல் சிரித்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பத் திறந்தபோது அந்த வாக்கியத்தில் என்ன எழுத நினைத்தேன் என்பது போய்விட்டது. ரெஞ்சை இழுத்தான் என்றா? இழுக்கப் போனான் என்றா? அடுத்த வரியில் ஃபிரெடியை வரவைத்து, மேலே எழுதிக்கொண்டு போய்விட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தபடியே இருந்திருந்தால் இன்று அவரைத் தேடிப் போய்க் கேட்டிருப்பேன்.

அந்தக் கொட்டகையில் அப்போது ஆபேல் இருந்தான், நான் இருந்தேன். கணக்கை எழுதியவர்கள் நாங்கள், எங்கள் இருவர் பேச்சும் இதில் செல்லாது. மூன்றாவதாக நீங்கள் இருந்தீர்கள். உங்களை யாரும் போகச் சொல்லவில்லை. நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய், அந்த வாக்கியத்தை முடித்துக் கொடுங்கள். அவசரப்படுத்துவதற்கு மன்னிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஃபிரெடி இன்னும் சாவியோடு நிற்கிறான்.