மாடு முடிக்கும் வரை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வேதப் புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாததால், விதைக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்த நாள்காட்டியின் மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன். மாட்டின் எடையைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

வாஷிங்டன் காங்கிரஸ் சபைக்குப் போட்டியிடுகிறவர்களுக்கு விஸ்கான்சினின் ஃபோஸ் பள்ளத்தாக்கில் நிதி திரட்டுவது ஒரே ஒரு முறையில்தான். மேய்ச்சல் நிலத்தில் சுண்ணாம்பால் இருநூறு கட்டங்கள் போட்டு எண் எழுதுவார்கள். கட்டம் ஒன்று இருபது டாலர். நடுவில் ஒரு மாட்டை விடுவார்கள். அது எந்தக் கட்டத்தில் சாணி போடுகிறதோ அந்தக் கட்டக்காரருக்கு அரைப் பன்றி இறைச்சி. திரண்ட பணம் வேட்பாளருக்கு. கூடவே ஒரு விதி உண்டு. மாடு முடிக்கும் வரை வேட்பாளர் பேசியே ஆகவேண்டும், முடித்த பிறகு ஒரு சொல்லும் பேசக்கூடாது. பள்ளத்தாக்கு மக்கள் இத்தனை காலம் அரசியலைத் தாங்கிக்கொண்டிருப்பது இந்த விதியால்தான். பேச்சு சராசரியாக ஏழு நிமிடம்.

மாடு வெண்டல் ரூட் என்ற விவசாயியுடையது. பழுப்பு சுவிஸ் இனம், பெயர் க்ளாரிஸ். பால் கறக்கும் மோட்டாரின் சத்தம் கேட்டால் ஒழிய க்ளாரிஸ் சாணி போடாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். இது வெண்டலுக்கும் அவர் மனைவி அர்லிஸுக்கும் மட்டுமே தெரியும். ஒவ்வொரு தேர்தலிலும் ஏழாவது நிமிடத்தில் தொழுவத்துக்குள் போய் மோட்டாரைப் போட்டு, ஊரைக் காப்பாற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வெண்டல் வெளியே வருவார்.

ஆனால் அவருக்கு ஒரு பாலம் தேவைப்பட்டது. பதினோரு வருடங்களுக்கு முன் வந்த வெள்ளம் ஓடைப் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. அவருடைய புல் வயல் அக்கரையில் இருக்கிறது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வயலில் நிற்கும் மான்களின் காது தெரியும். அங்கே போவதற்கு டிராக்டரில் இருபத்திரண்டு மைல் சுற்ற வேண்டும். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. இந்த வருடமும் பாலம் வராவிட்டால் வயலை விற்றுவிடுவது என்று முடிவாகியிருந்தது. எந்த வேட்பாளரும் பாலத்தைப் பற்றிப் பேசாதது ஏன் என்று ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்ததில் வெண்டலுக்கு விஷயம் பிடிபட்டது. ஏழு நிமிடத்தில் யாராலும் பாலம் வரைக்கும் வந்து சேர முடியாது.

"இந்தத் தடவை தேர்தல்ல நிக்கிற அந்தம்மா வாயிலேர்ந்து பாலம்னு வர்ற வரைக்கும் மோட்டார் ஓடாது" என்றார் அர்லிஸிடம். "நீ தொழுவத்துல நில்லு. நான் தொப்பியக் கழட்டினா சுவிட்சப் போடு."

"வேற சைகையே கெடைக்கலையா உங்களுக்கு?"

"நான் எப்ப தொப்பியக் கழட்டியிருக்கேன்? நம்ம கல்யாணத்துலகூட நீ முறைச்சப்புறம்தானே கழட்டினேன்."

"கழட்டாமலே இருந்திருக்கலாம். உள்ள என்ன இருக்குன்னு அன்னைக்கித்தான் பாத்தேன்."

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு இருநூறு பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். வேட்பாளர் கோரின் பெல்வில் ஒரு வக்கீல். முதல் தேர்தல், வெள்ளைச் செருப்பு. பக்கத்திலேயே பிரச்சார மேலாளர் பிரெண்ட். ஏலக்காரர் டெல்பர்ட் ஒலிபெருக்கியில் விதியை வாசித்தார். கோரின் சிரித்துக்கொண்டே, "மாட்டோட நான் போட்டி போடத் தயார்!" என்றார். க்ளாரிஸ் அவரைப் பார்த்தது. பிறகு அசைபோட ஆரம்பித்தது.

இரண்டு மணிக்குள் வரி, சுகாதாரம், எல்லைப் பாதுகாப்பு மூன்றும் தீர்ந்துபோயின. இரண்டரைக்குக் கட்சியின் கொள்கை அறிக்கை தீர்ந்தது. மூன்று மணிக்கு எதிர்க்கட்சியின் கொள்கை அறிக்கையை எடுத்துப் பாதிக்குமேல் ஒப்புக்கொண்டார். அதற்குத்தான் அன்றைய பெரிய கைதட்டல். மூன்றரைக்குத் தன் தங்கையிடம் ஒலிபெருக்கி வழியாக மன்னிப்புக் கேட்டார். தங்கை மில்வாக்கியில் இருக்கிறார். நான்கு மணிக்கு, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுடும் 'பை' பலகாரத்தின் செய்முறையைச் சொன்னார். பாலம் மட்டும் வரவில்லை.

யாரும் எழுந்து போகவில்லை. எங்கள் பக்கத்தில் விருந்தாளி விடைபெற வேண்டுமானால் இரண்டு தொடையையும் தட்டி "சரி, அப்ப..." என்று சொல்லவேண்டும், ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது தட்டினால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு வரும். இருநூறு பேரும் கைகளைத் தொடைக்கு மேலே தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உருளைக்கிழங்கு சாலட் வெயிலில் நிறம் மாறியது. பக்கத்து வயலில் சோளம் ஒரு விரற்கடை வளர்ந்தது, அளந்தவர்கள் இருக்கிறார்கள்.

"ஏம்ப்பா வெண்டல், உன் மாட்டுக்கு என்னத்தப் போட்ட? சிமெண்டா?" என்றார் டெல்பர்ட்.

"அது கவனிச்சுக் கேக்குதுப்பா. நம்மள மாதிரி இல்ல."

ஐந்து மணிக்கு மற்ற மாடுகளைக் கறந்தே ஆகவேண்டும். அதன்பின் மோட்டார் வெண்டல் பேச்சைக் கேட்காது. நாலே முக்கால் ஆயிற்று. கோரினின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. தன் வேட்பாளர் கண்ணெதிரே கரைவதைப் பார்த்த பிரெண்டுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஒலிபெருக்கியைப் பிடுங்கினார்.

"அன்பர்களே! நம்ம தேசிய கீதம் பாடவே மறந்துட்டோமே! எல்லாரும் எந்திரிங்க!"

இருநூறு நாற்காலிகளும் கிறீச்சிட்டன. அத்தனை தொப்பிகளும் தலையிலிருந்து நெஞ்சுக்கு இறங்கின. ஒன்றைத் தவிர.

கட்டங்களுக்குள், மாட்டுக்குப் பின்னால் இருந்த வெண்டலின் கை பாதி வழியில் நின்றது. அவர் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் கொடி தூக்குபவர். பத்தொன்பது வருடம் ஊர்வலத்தின் முதல் ஆள். தொழுவத்து வாசலில் அர்லிஸ் சுவிட்சில் கை வைத்து அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கழட்டினால் பாலம் போச்சு. கழட்டாவிட்டால் மானம் போச்சு. வெண்டல் கையைக் கீழே இறக்கினார்.

பாட்டு முதல் வரியைத் தாண்டவில்லை. ஒவ்வொருவராகப் பார்க்க, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"வெண்டல்! தொப்பி!" என்று டெல்பர்ட் பல்லைக் கடித்தார். "செத்த எங்கப்பாவே எந்திரிச்சு வந்து கழட்டுவாரு!"

"வரட்டும்."

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"இன்னும் பத்து நிமிஷத்துக்கு ஆமா."

வெண்டலின் காது சிவந்தது. இதைப் பார்த்த கோரின் மேடையிலிருந்து இறங்கி, சுண்ணாம்புக் கட்டங்களைத் தாண்டி, மாட்டைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார். நாலு மணி நேரத்தில் முதல் முறையாக அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, உங்களுக்கு என்ன குறை?"

"பாலம்தாம்மா."

"என்ன பாலம்?"

"அந்தா, ஓடைப் பாலம். பதினோரு வருஷமா இல்ல."

கோரின் ஓடையைப் பார்த்தார். மாட்டையும் பார்த்தார். "கட்டித் தர்றேன்" என்றார். பிரெண்ட் ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். கோரின் கையை உதறிவிட்டு, பலகாரம் வைத்திருந்த காகிதத் தட்டைத் துடைத்து, அதன் பின்பக்கத்தில் "பாலம் கட்டித் தருவேன்" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தார்.

வெண்டல் தட்டை இரண்டு முறை வாசித்தார். பிறகு மெதுவாக, தேசத்துக்குரிய முழு மரியாதையோடு, தொப்பியைக் கழட்டினார்.

தொழுவத்தில் மோட்டார் உறுமியது. க்ளாரிஸ் வாலைத் தூக்கியது. நாலு மணி நேரச் சேமிப்பு. அதன் சத்தத்தைப் பிற்பாடு சிலர் இடி என்றார்கள். பெரும்பகுதி வேட்பாளரின் இடது வெள்ளைச் செருப்பில் விழுந்தது. செருப்புக்கு எண் கிடையாதே என்று வாக்குவாதம் வந்தது. செருப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்தக் கட்டத்துக்கே சாணி சொந்தம் என்று டெல்பர்ட் தீர்ப்புச் சொன்னார். அது அர்லிஸ் வாங்கிய கட்டம். இதைப் பற்றிச் சிலர் இன்றும் முணுமுணுக்கிறார்கள். அவர்களுக்கு அர்லிஸ் அந்தப் பன்றி இறைச்சியையே வறுத்துக் கொடுத்து வாயை அடைக்கிறார்.

இருநூறு பேரும் ஒரே நேரத்தில் தொடையைத் தட்டி, "சரி, அப்ப..." என்றார்கள். மான்கள் ஓடிவிட்டன. தேசிய கீதத்தை அதன்பின் முதலிலிருந்து முழுசாகப் பாடினார்கள்; வெண்டல்தான் உரக்கப் பாடினார். வயலை விற்பதில்லை என்று அன்றே சொல்லிவிட்டார். காகிதத் தட்டு சட்டம் போட்டு, சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில், மான்களின் காது தெரிகிற இடத்தில் தொங்குகிறது.

நவம்பரில் கோரின் பெல்வில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

கூட்டத்துக்கு முன்பே, அந்த வருட மார்ச் மாதம் வெளியாகி எங்களில் யாரும் பார்க்காத புதிய தொகுதி வரைபடத்தில் அவருடைய தொகுதியின் எல்லைக்கோடு அந்த ஓடை வழியாகத்தான் போகிறது. ஃபோஸ் பள்ளத்தாக்கு முழுவதும் அதற்கு வெளியே, வேறு தொகுதியில் இருக்கிறது.