நெரிசல் தண்ணீர்

மீன்குஞ்சுப் பண்ணையில் என் வேலை, வெறும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சிகளை வளர்ப்பது. பொரித்து மூன்று நாளான குஞ்சுகளுக்கு அதுதான் முதல் தீனி. தொட்டியில் எல்லாமே பெண். ஆண் வாடையே இல்லாமல் பெண் பெண்ணாகப் பெற்றுத் தள்ளும். கூட்டம் எல்லை மீறினால்தான் வம்பு. தண்ணீரில் ஏதோ ஊறும். அது பட்டால் புத்தி மாறி, ஆண்களைப் பெறத் தொடங்கிவிடும். அந்த ஆண்களுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. ஒரே ஒரு வேலைக்காகப் பிறந்து ஓரிரு நாளில் சாகும். கூடியபின் வரும் முட்டை தடித்த ஓட்டோடு அடியில் படுத்துக்கொள்ளும், லேசில் பொரிக்காது. அத்தோடு தொட்டி படுத்துவிடும். அதனால் நெரிசல் கண்ட தொட்டித் தண்ணீர் ஒரு குவளைகூட இன்னொரு தொட்டிக்குப் போகக்கூடாது என்பது எங்கள் அறையின் சட்டம்.

வீட்டுக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. இரண்டு அறை, ஏழு பேர். அண்ணன், அண்ணி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள், நான், என் தங்கை சின்னவள். அண்ணி நான்காவதைச் சுமந்துகொண்டு குளியலறைக் கதவை இடிப்பாள். "உள்ளே குடித்தனமா நடத்துறே?" என்பாள்.

சின்னவளும் என்னோடு அதே அறையில்தான் வேலை பார்த்தாள். இந்தத் தடவைக் குஞ்சுகள் தேறியதும் ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்வேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதே வாரம் பண்ணைக்கு வந்துபோகும் பம்பு மெக்கானிக் எங்கள் வீட்டில் பெண் கேட்டார். மனைவி செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, வயது ஐம்பது.

"சம்பாதிக்கிறவ இருக்கட்டும், இன்னொருத்திய அனுப்பிடலாம்" என்றான் அண்ணன். "மூச்சு விடக்கூட இடமில்ல."

எனக்கு முப்பத்தெட்டு. அந்த ஆளுக்கு வாக்கப்பட எனக்கு மனமில்லை. சின்னவளின் தொட்டியோ செழித்துக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு மதியம் அவள் சாப்பிடப் போனாள். கொட்டுவதற்காக ஒதுக்கிய நெரிசல் தொட்டியிலிருந்து நான்கு வாளி மொண்டேன். மெல்லிய துணியில் ஒரு பூச்சிகூட இல்லாமல் வடிகட்டி, அவள் தொட்டியில் ஊற்றினேன். பார்க்க நல்ல தண்ணீர்தான்.

நான்கு நாள் கழித்து மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். "அக்கா, இங்க வந்து பாரேன். பொடிப்பொடியா என்னமோ தலைதெறிக்க ஓடுது."

ஆண்கள். "கவனமா இருந்திருக்கணும்" என்றேன்.

அடுத்த வாரம் அவள் தொட்டியில் எதுவும் மிஞ்சவில்லை. அவள் பொறுப்பில் இருந்த குஞ்சுகள் பட்டினியில் தலை பெருத்து, உடம்பு நூலாகி மிதந்தன. அழுதுகொண்டே வலையால் அவளே அரித்தெடுத்தாள். எல்லார் முன்னாலும் மேலாளர் அவளை வெளியே போகச் சொன்னார். நான் என் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னவளின் கல்யாணத்தன்று காலையில் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து நின்றாள்.

"வேலை என் கையில இருந்துச்சு, இல்லேன்னா நான் போயிருக்கணும்" என்றேன்.

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீயா? பெரியவளைச் சும்மா குடுத்தாலும் வேண்டாம்னு அவர் முதல் நாளே சொல்லிட்டாரு. கேட்டதே சின்னவளைத்தான். வேலைக்குப் போறவளைத் தர மாட்டேன்னு உங்கண்ணன் சொல்ல, பேச்சே நின்னு போச்சு. அப்புறம் இவ வேலை போச்சு, திரும்ப வந்தாரு."

சின்னவளின் வேலை போகாமல் இருந்திருந்தால் இரண்டு பேருமே வீட்டில் இருந்திருப்போம். அது எனக்கு உறைத்தது, ஆனால் மெதுவாகத்தான். சும்மா கொடுத்தாலும் வேண்டாமாம். அந்தக் கோபம்தான் எனக்கு முதலில் வந்தது.

அண்ணி போனதும் சின்னவள் கேட்டாள்: "அக்கா, என் தொட்டி எதனால கெட்டுச்சு?"

"பழைய தண்ணி கொஞ்சம் கலந்திருக்கும்."

"அப்போ நான்தான் வாளியைச் சரியா கழுவல" என்றாள். "பாவம், அத்தனை குஞ்சு." கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "நீயாவது நல்லாக் கழுவுக்கா."

பின்னலை இழுத்து இறுக்கினேன்.

"வலிக்குதுக்கா" என்றாள்.

இன்னும் இறுக்கினேன்.