ராஜாவின் நாற்காலி

செருப்புக் கடைக்காரருக்குச் சபையார் வைத்திருந்த பட்டப்பெயர் ‘அஞ்சு நிமிஷம்’. தினமும் காலையில் குளித்து முடித்ததும் சாப்பாட்டு மேஜையில் கைபேசியைச் சாய்த்து வைத்து, “ஆண்டவரோடு ஐந்து நிமிடம்” என்று கணீரென்று தொடங்கி ஒரு தியானத்தைப் பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்புவார். அது எந்தக் காலத்திலும் ஐந்து நிமிடத்தில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் ஜெபத்துக்கு வருவதற்குள் கேட்பவர்களின் தேநீர் ஆறிவிடும். ஆனாலும் மனிதருக்கு நாக்கில் ஒரு வரம் இருந்தது. ராஜாதி ராஜா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவிய கதையை அவர் சொல்லும்போது கண் கலங்காதவர்கள் குறைவு. கடையில் வாடிக்கையாளரின் காலடியில் குனிந்து செருப்பு மாட்டிவிடுவது மட்டும் வேலையாட்களின் பாடு. அவர் கல்லாவை விட்டு எழுந்ததை யாரும் பார்த்ததில்லை.

இந்த மாதம் அவர் எடுத்துக்கொண்ட பொருள் ‘சிங்காசனத்தில் இருக்கிறவர்’. தொடங்கிய சில நாட்களிலேயே பாடகர் குழுவில் இருக்கும் ஒரு அம்மாவிடமிருந்து செய்தி வந்தது: “ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு ஐயா. ஆனா பின்னால யாரோ நாற்காலியை இழுக்கற சத்தம் கேக்குதே?” காது சரியாகக் கேட்காத ஒரு பெரியவர் மட்டும், தனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, தியானம் மிக நன்றாக இருந்தது என்று பாராட்டியிருந்தார்.

கடைக்காரர் பதிவைப் போட்டுக் கேட்டார். இருந்தது. அவர் குரலுக்கு அடியில், மரக்கால் தரையில் உரசும் சத்தம். கொஞ்சம் இழுபட்டது, நின்றது, மறுபடியும் இழுபட்டது. பேசும்போது அந்த அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

மறுநாள் காலையில் எழுந்து வந்தபோது ராஜாவின் நாற்காலி அதன் இடத்தில் இல்லை. சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், யாருக்கோ போட்டு வைத்ததுபோல் கிடந்தது.

ராஜாவின் நாற்காலி என்பது அவருடைய அப்பா செய்த காரியம். அப்பாவும் அம்மாவும் நான்கு பிள்ளைகளும் உட்காருவதற்காக ஆறு நாற்காலிகளோடு அந்த மேஜையை வாங்கிப் போட்ட வாரத்திலேயே, ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த அப்பா, ‘இந்த வீட்டுக்கு ராஜா இயேசுவே’ என்று எழுதிய பலகையைச் சுவரில் மாட்டினார். மாட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ராஜா என்று சுவரில் எழுதினால் போதுமா, அவருக்கு ஆசனம் வேண்டாமா என்று, மேஜையின் தலைமாட்டில் இருந்த, கைப்பிடி வைத்த நாற்காலியைக் காலியாக விட்டார். இனி அதில் யாரும் உட்காரக் கூடாது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு நாற்காலி குறைந்தது. அம்மா இடமில்லாமல் நின்றார். பிள்ளைகள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மூத்தவள் எழுந்தாள்.

“நீங்கல்லாம் சாப்பிடுங்க. நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்.”

அப்பா பூரித்துப்போனார். “பாத்தீங்களாடா? ஊழியம்னா இதுதான்டா” என்று மகளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். இன்னொரு நாற்காலி வாங்குகிறேன் என்றும் சொன்னார். சொன்னதோடு சரி. பாராட்டைவிடச் சிக்கனமான சம்பளம் உலகத்தில் ஏது? அன்றைக்கு எழுந்தவள் அதற்குப் பிறகு அந்த மேஜையில் உட்காரவே இல்லை. அப்பா போனார், அம்மா போனார், இரண்டு தம்பிகள் வேறு ஊர்களுக்குப் போனார்கள். காலி நாற்காலிகள் வேண்டிய மட்டும் இருந்தன. அக்கா சமையலறையில் நின்றபடியே, தட்டைக் கையில் ஏந்தி, மிச்சம் மீதியைச் சாப்பிட்டாள். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களும் கொஞ்ச காலத்தில் ஓய்ந்துபோனார்கள். கடைசித் தம்பியான கடைக்காரர், அவருக்கு வந்த மனைவி, பிறந்த மகன் என்று ஒவ்வொருவருக்கும் பரிமாறினாள். ‘உட்காரு அக்கா’ என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. நிற்பது அவள் சுபாவம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. கடைக்காரர் அவளைத் தியானங்களில் உதாரணமாக வேறு சொல்லுவார். “என் வீட்டில் ஒரு சகோதரி இருக்கிறார், தாழ்மையின் உருவம்…” என்று குரல் தழுதழுக்கும். உள்ளேயிருந்து அக்கா, “டேய், கொஞ்சம் சத்தத்தைக் குறைடா, உப்புப் போட்டேனா இல்லையான்னே மறந்துடுச்சு” என்பாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால், தொட்டியைப் பிடித்தபடி நின்றவள் அப்படியே சரிந்தாள். காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். நரம்பெல்லாம் எப்போதோ கெட்டுவிட்டனவாம், வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். உடுத்தி எடுத்து வைக்க வந்த சவப்பெட்டிக்காரர் வேறு ஒன்று கேட்டார். “கடையிலேருந்து ஒரு ஜோடி கொண்டுவரச் சொல்லுங்க ஐயா. அம்மாவுக்கு என்ன அளவு?”

ஊர்க்கால்களின் அளவெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவருக்கு அக்காவின் அளவு தெரியவில்லை. ஏதோ ஒரு அளவைச் சொன்னார். வந்த செருப்பில் வீங்கிப்போன அந்தக் கால்கள் நுழையவில்லை. காலுறையை மட்டும் மாட்டி அக்காவை அனுப்பி வைத்தார்கள்.

ஆகவே, நாற்காலி சமையலறையில் கிடந்ததைப் பார்த்ததும் அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா உட்கார இடம் கேட்கிறாள். கோபமாக இருக்கிறாள். அக்கா தன்னை மன்னித்தாளா இல்லையா என்கிற ஒரு கேள்விதான் அவர் மண்டையைக் குடைந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் சிங்காசனத்தைப் பற்றி அவரால் ஒரு வார்த்தையும் பேச முடியவில்லை.

நாற்காலியைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார். அடுத்த காலையில் மறுபடியும் சமையலறையில் கிடந்தது. மகனைச் சந்தேகப்பட்டார். “எனக்கு வேற வேலை இல்லையாப்பா?” என்று அவன் எரிந்து விழுந்தான். கடையிலிருந்து கனத்த பூட்ஸ் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து நாற்காலியை மேஜைக் காலோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டார். காலையில் நாற்காலி சமையலறையில் கிடந்தது. கயிறு அறுபடவில்லை. முடிச்சு அவிழ்ந்து, அழகாகச் சுருட்டி மேஜைமேல் தனியாக வைக்கப்பட்டிருந்தது. அக்கா எதையும் சுருட்டி ஒழுங்காக வைப்பவள்தான்.

போதகரை வரவழைத்தார்கள். அவர் எல்லா அறைகளிலும் ஜெபித்துவிட்டு, ராஜாவின் நாற்காலியைத் தவிர்த்து ஒரு மூலையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். “கர்த்தருக்குள்ள தூங்கறவங்க வந்து நாற்காலி இழுக்க மாட்டாங்க ஐயா. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்று தைரியம் சொல்லிவிட்டு, போகும்போது அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

இதற்கிடையில் வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அக்கா போன இடம் காலியாக நிற்கவில்லை. புதிதாக வந்த மருமகள் அங்கே போய் நின்றுகொண்டாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை, அக்காவையும் யாரும் சொல்லவில்லை. வயிற்றில் பிள்ளையோடு, கால்கள் செருப்புக்கு வெளியே பிதுங்க, எல்லாருக்கும் எடுத்து வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள். கடைக்காரர் இதைக் கண்டும் காணாமல் இருந்தார் என்று சொன்னால் அவருக்கு மரியாதை கொடுத்ததாகிவிடும். அவர் காணவே இல்லை. செத்துப்போன அக்காவின் நினைப்பே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைவலி என்று சொல்லி வீட்டில் தங்கினார். மற்றவர்கள் ஆராதனைக்குக் கிளம்பிப் போனபின் சமையலறைக்குப் போனார். நாற்காலி தொட்டியைப் பார்த்தபடி கிடந்தது. அன்றைக்கு அதை அவர் எடுக்கவில்லை. தட்டில் சாப்பாடு போட்டு அதன்முன் ஒரு முக்காலியில் வைத்தார். பிறகு தரையில் மண்டி போட்டார். மண்டி போட்டு வெகுகாலம் ஆகியிருந்ததால் முட்டி கடகடவென்றது.

“அக்கா, தப்புப் பண்ணிட்டேன்கா. உன்னை வச்சு ஊருக்கெல்லாம் பேசினேன், உன்கிட்ட ஒரு நாள்கூட உக்காருன்னு சொல்லல. இப்ப சொல்றேன். உக்காருக்கா. என்னை மன்னிச்சேன்னு ஏதாவது ஒரு சத்தம் குடு.”

ஒரு சத்தமும் வரவில்லை. சாப்பாடு ஆறியது. நாற்காலி மரமாகவே இருந்தது. அவர் குழந்தைபோல் விசும்பி அழுதார். அழுது ஓய்ந்தபோது அக்கா அங்கே இல்லை என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பலகைக்குக் கீழே பழையபடி போட்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டார்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மனைவி பிரசங்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகன் கைபேசியில் தலையைக் கவிழ்த்திருந்தான். மருமகள் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பரிமாறினாள்.

“நீயும் உக்காரேம்மா” என்றாள் மனைவி, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.

“இருக்கட்டும் அத்தை. நீங்கல்லாம் சாப்பிடுங்க. நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்.”

அந்த வார்த்தைகள் கடைக்காரரின் காதில் விழுந்தன. அதே வார்த்தைகள், அதே வரிசையில். கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. அவர் திரும்பி மருமகளின் கால்களைப் பார்த்தார்.

அப்போது நாற்காலி நகர்ந்தது.

பட்டப்பகலில், நான்கு பேர் கண்ணெதிரே, தலைமாட்டிலிருந்து கிளம்பி, தரையில் மரக்கால் உரச, சமையலறை வாசலில் நின்றிருந்த மருமகளை நோக்கி வந்தது. அவளுக்கு உட்கார வசதியாக, கொஞ்சம் ஒருக்களித்து நின்றது.

“நான் தொடல” என்றான் மகன், யாரும் கேட்பதற்கு முன்பே.

மனைவி மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். “என்னங்க… இந்தச் சத்தம்… இது புதுசு இல்லீங்க. நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து கேட்டிருக்கேன். தினம் விடியறப்போ கேக்கும். அண்ணி பெருக்கறாங்க, நாற்காலியை நகத்தறாங்கன்னு நினைச்சுப் புரண்டு படுத்துப்பேன்.”

கடைக்காரரும் கேட்டிருக்கிறார். சிறு பையனாக இருந்த காலத்திலிருந்தே, அரைத் தூக்கத்தில், விடிகிற வேளையில், சமையலறையிலிருந்து மேஜைப் பக்கமாக நாற்காலி இழுபடும் சத்தம். அக்கா எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிடுவாள். எழுந்து, அதைத் திருப்பிக் கொண்டுவந்து அதன் இடத்தில் போட்டுவிடுவாள். தினமும் அவளுக்காக அங்கே போடப்பட்டது. தினமும் அவள் உட்காராமல் திருப்பி வைத்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தன் ஆயுளில் தனக்கென்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளாதவள், செத்த பிறகா இழுக்கப் போகிறாள்? இத்தனை நாளும் தான் பயந்தது யாருக்கு என்று இப்போது புரிந்ததும் அவருக்கு நிஜமாகவே மயிர்க்கூச்செறிந்தது.

மருமகள்தான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். பெரியவர்கள் பயந்துபோயிருக்கிறார்கள், தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். “ஒண்ணுமில்ல மாமா, நான் எடுத்து அது இடத்துல போட்டுடறேன்.”

“தள்ளாதே!”

அவர் போட்ட கூச்சலில் மகன் துள்ளி எழுந்தான். கடைக்காரருக்குக் குரல் உடைந்தது. தியானத்தில் உடையும் அந்தப் பழக்கப்பட்ட உடைசல் இல்லை இது. “தள்ளாதேம்மா. அதுல நீ உக்காரு.”

“இதுலயா? இது ராஜாவோட நாற்காலி ஆச்சே மாமா.”

“அவர்தாம்மா உனக்கு இழுத்துப் போட்டிருக்காரு. அவர் இதுல உக்காரவே இல்ல. இந்த வீட்டுல ஒரு நாள்கூட உக்காரல.”

அவள் பயந்துகொண்டே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், தன்னை அறியாமல், வலி விட்டதுபோல் ஒரு பெருமூச்சு விட்டாள். பலகையையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப இவ்வளவு நாளா அவர் எங்க இருந்தாரு மாமா?”

எல்லாருடைய கண்ணும் சமையலறை வாசலுக்குப் போயிற்று. உள்ளே விளக்குப் போடவில்லை. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு, ஒரு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற சத்தம்.

மருமகளின் தட்டுக்கு இன்னும் சாப்பாடு வரவில்லை. கடைக்காரர் எழுந்து, அவள் கீழே வைத்த காலிப் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளே போக அவருக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் போனார்.